மட்டையை எறிந்துவிட்டு ஓடுகிறவர்கள்

பினாங்கு கடற்கரைத் திடலில் அமெரிக்கக் கப்பல் மாலுமிகள் பேஸ்பால் ஆடுகிறார்கள். என் பக்கத்தில் குடையோடு நிற்கிற யாழ்ப்பாணத்துக் கிராணி, ஆபீஸ் குமாஸ்தா, கிரிக்கெட் பைத்தியம். பொருமுகிறார்.

"பாருங்கோ தம்பி, அடிச்சவன் மட்டையை எறிஞ்சுபோட்டு ஓடுறான்! கிரிக்கெட்டில அதைக் கையோட கொண்டெல்லோ ஓடுவினம். தேத்தண்ணி குடிக்கவும் நிப்பாட்டுறாங்களில்லை. இவங்கட கப்பல் எப்ப வெளிக்கிடும்?"

அந்த நேரம் பந்து எங்கள் பக்கம் பறந்து வருகிறது. கிராணி குடையை எறிந்துவிட்டு ஓடிப்போய்ப் பிடிக்கிறார். கிரிக்கெட் மரியாதைப்படி திருப்பிக் கொடுக்க நீட்டுகிறார். பந்தைத் தேடி ஓடி வந்த மாலுமி வாங்கவில்லை. கூட்டத்துக்குள் விழுந்த பந்து பிடித்தவருக்கே சொந்தமாம். அவர்கள் ஊர் வழக்கமாம்.

கிராணி பந்தைக் கோட்டுப் பைக்குள் திணிக்கிறார். குடையை எடுத்துக் கொடுக்கிற என்னிடம் மெல்லக் கேட்கிறார்:

"கப்பல் நாளைக்கும் நிக்குமோ, தம்பி?"