பேய் என்று சொல்லி வைத்தேன்

எண்பதுகளின் நடுவில், திண்டிவனத்து டைப்ரைட்டிங் வகுப்பில் எனக்குப் பக்கத்து மெஷின் என் சிநேகிதியுடையது. அவள் பெருமுக்கல் பக்கம் நிலபுலன் உள்ள வீட்டுப் பெண். நான் காலனிப் பெண். அது அவளுக்குத் தெரியும், அவள் அம்மாவுக்குத் தெரியாது. தெரிந்தால் என்னை வீட்டுக்குள் விடமாட்டார்கள். அதனால் "டீச்சரம்மா பொண்ணு" என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தாள். என் அம்மா மிஷன் பள்ளியில் ஆயா. ஒரேயடியாகப் பொய்யும் இல்லை என்று நாங்களே சொல்லிக்கொள்வோம்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த வீட்டுக்குப் போக எனக்கு அவ்வளவு ஆசை. அவள் அம்மா என்னை "கண்ணு" என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்ற மகளைக் கூட அப்படிக் கூப்பிட்டதில்லை.

அவள் அக்கா குழந்தைக்குக் காது குத்தியபோது டிவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்திருந்தார்கள். மறுநாள் நான் போனபோது உறவுக்காரர்கள் எல்லாரும் கிளம்பியிருந்தார்கள். டெக்கை எடுத்துப்போக சாயங்காலம்தான் ஆள் வரும். மிச்சம் ஒரு கேசட். அட்டையில் அம்மன் படம் போட்டிருந்தது, உள்ளே இருந்ததோ இங்கிலீஷ் பேய்ப் படம். கடைக்காரன் மாற்றி வைத்துவிட்டான். அம்மன் வருவாள் என்று கை கூப்பி உட்கார்ந்திருந்த அவள் அம்மா, "பரவால்ல, ஓடட்டும். கண்ணு, நீதான் மிஷன் ஸ்கூல்ல படிச்ச பொண்ணாச்சே, சொல்லிக்கினே வா" என்றார்கள்.

கறுப்பினப் பெண் ஒருத்தி, வயதான வெள்ளைக்கார அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஒரு பெரிய வீட்டுக்கு வருகிறாள். எல்லாரும் சிரித்துச் சிரித்துப் பேசுகிறார்கள். மறுநாள் அவள் உட்கார்ந்த நாற்காலியைக் காணோம். கேட்டால், அங்கே நாற்காலியே இருந்ததில்லை என்கிறார்கள். அடுத்து அவள் டீ குடித்த கோப்பை போகிறது, அப்புறம் படுத்த போர்வை. தனக்குத்தான் புத்தி பேதலித்துவிட்டதோ என்று அவள் அழ ஆரம்பிக்கிறாள்.

நாற்காலி போனபோதே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. கோப்பை போகும் என்று படம் காட்டுவதற்கு முன்பே தெரிந்தது.

"யாரு கண்ணு எடுக்கறாங்க?"

"பேய்மா."

வாயில் அதுதான் வந்தது. வந்ததை விட முடியாமல் படம் முழுக்க ஒரு பேயை ஓட்டினேன். படத்தில் பேசியதெல்லாம் வேறு, நான் சொன்னதெல்லாம் வேறு. அந்த வெள்ளைக்கார அம்மா தன் மகனிடம், அந்தப் பெண் தொட்டதை எல்லாம் கொளுத்திவிடச் சொன்னாள். "பேய விரட்டப் பூசை போடணும்னு சொல்றாங்கம்மா" என்றேன். கடைசியில் அந்தப் பெண் தோட்டத்துக் கொட்டகையைத் திறந்தாள். நாற்காலி, கோப்பை, போர்வை எல்லாம் பாதி எரிந்து குவிந்து கிடந்தன. அதையும் பேய் மேலேயே போட்டேன்.

சிநேகிதியின் அம்மா லேசுப்பட்டவர்களா? "அது சரி, அத்தினி பேரு இருக்கற வூட்ல பேயி இன்னாத்துக்கு இந்தப் பொண்ண மட்டும் புடிச்சிக்கினு ஆட்டுது?" என்றார்கள்.

பதில் தொண்டை வரை வந்தது. கடவுளே, சொல்லிவிட வேண்டும் போலிருந்தது. சொன்ன பிறகும் என்னைக் கண்ணு என்று கூப்பிடுவார்களா என்று தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. "தெரியலம்மா" என்றேன். "பாவம், தாயில்லாப் பொண்ணு போலக்குது" என்று அவர்களே ஒரு காரணம் கண்டுபிடித்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

என் சிநேகிதி என்னைப் பஸ் ஏற்றிவிட வந்தாள். பஸ் தூரத்தில் தெரிந்தபோதுதான் கேட்டாள். "அந்தப் படத்துல பேயே இல்ல, இல்லடி?"

"இல்ல."

"எனக்கும் கொஞ்சம் கொஞ்சம் புரிஞ்சிது."

என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். நீ உள்ளதைச் சொல்லியிருக்கலாம், அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்று சொல்லப்போகிறாள் என்றே நினைத்தேன். அதைக் கேட்க என் மனம் அப்படி அடித்துக்கொண்டது.

"நல்ல வேள, நீ ஒண்ணும் சொல்லல" என்றாள்.

அன்பில்தான் சொன்னாள். நான் தொடர்ந்து அந்த வீட்டுக்கு வரவேண்டும் என்ற ஆசையில் சொன்னாள். எனக்கு அது அப்போதே தெரியும். பரீட்சை முடிந்து, அவளுக்குக் கல்யாணமாகி, நான் வேலைக்கு என்று விழுப்புரம் வந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. அவள் சொல்லாத அந்த வார்த்தைக்கு இன்னும் ஏங்குகிறேன். அவளுக்காகவும்தான். ஆனால் அன்று பஸ் வந்து நிற்கும்வரை அவள் கையை விட மனமில்லாமல், "ஆமாண்டி, நல்ல வேள" என்று நானும் சொன்னேன்.