பத்து நாணலின் வேர்

வயலின் உரத்தண்ணீர் கடலில் கலக்காமல் தடுக்க, வாய்க்கால் ஓரம் உரத்தை வேரால் உறிஞ்சும் நாணல் நடுகிறவர்களுக்கு மானியம் உண்டு. நட்டதைச் சரிபார்க்கும் அம்மாளோ, பெற்ற மகன் காய்ச்சல் என்றாலும் தொட்டுப் பார்த்துத்தான் நம்புவார். விவசாயிகள் அனுப்பும் போட்டோவையா நம்புவார்? போன இடமெல்லாம் பத்து நாணலைப் பிடுங்கி, வெட்டிச் செருகியதா, வேர் இருக்கிறதா என்று பார்ப்பார். 'பிடுங்கியம்மா' என்றே பட்டப்பெயர்.

அன்று போன வயலில் பத்துக்கும் வேர் இருந்தது. ஆனாலும் வாய்க்கால் முழுக்க, உரம் கலந்த தண்ணீரில் மண்டும் பச்சைப்பாசி.

"இன்னும் பத்து வேணாலும் பிடுங்கிப் பாருங்கம்மா," என்றார் விவசாயி, வாயெல்லாம் பல்லாக.

வலிய வந்த அந்த உபசாரம்தான் இடித்தது. அம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டு வாய்க்காலில் இறங்கினார். நாணலுக்கு அடியில் கரையைத் துளைத்து வந்த குழாய் ஒன்று, வயல் தண்ணீரை நேராக வாய்க்காலில் கொட்டிக்கொண்டிருந்தது.

"ஏங்க, இது எந்த நாணலோட வேரு?"