எலி வளையும் உள்ளான் காலும்

மணிவண்ணன் மறுபடியும் உப்புப் பாத்தியில் இறங்கிவிட்டான். கையில் கண்ணாடி மீட்டர். நீரின் அடர்த்தி பார்க்கிறானாம். காலையில் பார்த்த அதே நீர்தான். அவன் கால் வைத்த இடமெல்லாம் அடிச்சேறு புகையாக எழும்புகிறது.

"டேய், கலக்காத! உப்பு கறுத்துப்பூடும்!" அடுத்த வரப்பிலிருந்து அமராவதி கத்துகிறாள். அவன் அப்பாவோடு சேர்ந்து உப்பு வாரியவள்.

டிப்ளமோ படித்தவன். கோட்டக்குப்பத்தில் பம்பு மோட்டார் ரிப்பேர் செய்கிறான். அப்பா சகாதேவன் இந்தப் பாத்திக்குத் தண்ணீர் திறந்துவிட்டு வந்து படுத்தார்; எழவில்லை. காரியம் முடிந்ததும் மகன் கடைக்குத் திரும்பாமல் நேரே மரக்காணம் உப்பளத்துக்கு வந்தான். அப்பா கடைசியாகக் கட்டிய தண்ணீர் வெள்ளை உப்பாக வர வேண்டும். இப்போதைக்கு அவனுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அதற்கு அவன் சும்மா இருந்தால் போதும். அதுதான் வரவில்லை. உட்கார்ந்தால் முழங்கால் ஆடுகிறது. டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுகிறான். நன்றாக இருக்கும் மடையைப் பிரித்து மறுபடி கட்டுகிறான். சுனாமிகூட இந்த மடையைப் பிரிக்கவில்லை என்பது அமராவதியின் கட்சி.

பாத்தியில் நிற்கும் நெடுங்கால் பறவையைக் காட்டுவாள். "தோ பாரு உள்ளானை. ஒத்தக் கால்ல நிக்குது, தண்ணி அசையுதா? உங்கப்பன் அது மாதிரி. நீ எலிடா. எதையாச்சும் கொறிச்சிக்கினே இருப்ப."

"எலிக்குப் பல்லு வளந்துக்கினே இருக்கும் அத்தை. கொறிக்கலன்னா செத்துப்பூடும்."

அமராவதி கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நடையைக் கட்டுவாள்.

அன்று மதியம் பாத்தியில் நீர் இறங்கியிருந்தது. வரப்பைச் சுற்றி ஓடிப் பார்த்தான். வெளிப்பக்கம் எலி வளை. உப்புநீர் குபுகுபுவென்று வாய்க்காலுக்குப் போய்க்கொண்டிருந்தது. மண் அள்ளப் போனால் அதற்குள் வாய் அகன்றுவிடும். குதிகாலை வளைக்குள் திணித்தான். நீர் நின்றது.

"அத்தை! களிமண்ணு!"

அவள் தெற்குக் கோடியிலிருந்து வர வேண்டும். அவன் ஒற்றைக் காலில் நின்றான். முழங்கால் ஆடியபோதெல்லாம் கசிந்தது. ஆட்டத்தை அடக்கினான். பாத்தியில் கலங்கல் மெல்லப் படிந்தது. செங்கால் உள்ளான் ஒன்று அவனை வரப்புக் கம்பாக எண்ணியதுபோலப் பக்கத்திலேயே மேய்ந்துகொண்டு போனது.

கூடையோடு மூச்சிரைக்க வந்தாள் அமராவதி. "எடுடா காலை, அடைச்சிடறேன்."

அவன் எடுக்கவில்லை. தெளிந்த நீரையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அமராவதி கூடையை ஓசைப்படாமல் கீழே வைத்தாள்.