ஆறாவது தட்டு

என் பட்டறைச் சுவரில் ஓர் ஆணி இருக்கிறது. என் சுத்தியலை அதில்தான் மாட்டி வைத்திருந்தேன். சின்னச் சுத்தியல், வேப்பமரக் கைப்பிடி. இருபது வருஷத்துக்கு மேல் அங்கேயே தொங்கியது. இப்போது ஆணி மட்டும்தான் இருக்கிறது, சுத்தியல் சிஸ்டரிடம். காலையில் ஷட்டரைப் பாதி தூக்கியதும் அந்த ஆணியைப் பார்க்கிறேன். அடுத்து போனைப் பார்க்கிறேன். பயந்துகொண்டுதான் பார்க்கிறேன்.

ஆம்பூரைத் தாண்டி நெடுஞ்சாலை ஓரத்தில் லாரிக்குப் பாடி கட்டுகிறேன். எட்டாவதோடு படிப்பு நின்றது. எழுதிப் பழக்கமில்லை. சிஸ்டர் என்றால் கூடப்பிறந்தவர் இல்லை, வேலூர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர். அவரைத் தெரிந்துகொண்டது என் தம்பியால். தம்பி தோல் லாரி ஓட்டினான். பச்சைத் தோலில் உப்பைக் கொட்டி மடித்து ஏற்றுவார்கள். வழியெல்லாம் உப்புத் தண்ணீர் சொட்டும். ஒரு நாள் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி, "அண்ணே, பின்னாடி இன்னாமோ சத்தம் வருது, பாரு" என்றான். சாப்பாட்டு நேரம். கை கழுவிவிட்டேன். குனிந்து ஒரே ஒரு தட்டு தட்டிவிட்டு, "ஓடும், போ" என்றேன். மறுநாள் மலை இறக்கத்தில் சேசிஸ் முறிந்தது. சேசிஸ் என்பது எஞ்சின், சக்கரம், பாடி எல்லாம் உட்காரும் இரும்புச் சட்டம். அது போனால் வண்டி இல்லை. தம்பியை வேலூருக்குத் தூக்கிப் போனோம். ஆஸ்பத்திரியில் எல்லாரும் என்னிடம் பார்க்கலாம், பார்க்கலாம் என்றே சொன்னார்கள். சிஸ்டர்தான் நேராக வந்து முன்னால் நின்றார். "அவருக்கு ஒரு கால் இருக்காது தம்பி. உயிர் இருக்கும். அம்மாகிட்ட நீங்களே சொல்லிடுங்க." அதைப் பிடித்துக்கொண்டுதான் அன்றைக்கு நான் நின்றேன். அதற்குப் பிறகு எந்த வண்டியைப் பார்த்தும் "ஓடும்" என்ற வார்த்தை என் வாயில் வரவில்லை.

ரிட்டயர் ஆன பிறகு சிஸ்டர் வீட்டுக்காரரோடு பட்டறைக்கு வந்தார். அவர் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர், சார் என்றுதான் கூப்பிடுவோம். "தம்பி, லடாக் போறோம். வீட்டோட போறோம். லாரி மேல வீட்ட நீங்கதான் கட்டித் தரணும்" என்றார் சிஸ்டர். சார் ஒன்றுதான் கேட்டார். "கட்டில் ஆறடி வருமா?" சிஸ்டர் திரும்பி, "தூங்கறதுக்கா அவ்ளோ தூரம் வர்றீங்க?" என்றார். வண்டி ஓட்டுவது சிஸ்டர்தான். அமிர்திக்கு மேலே இருக்கும் மலைக் கிராமங்களுக்கு மருந்துப் பெட்டியோடு ஜீப் ஓட்டிப் போனவர். மழையில் பின்சக்கரம் இரண்டும் சும்மா சுற்ற, வண்டி பள்ளத்துப் பக்கம் நழுவியதைப் பார்த்தவர். அதனால் நாலு சக்கரமும் இழுக்கிற லாரிதான் வேண்டும் என்றார். "சேசிஸ நீங்க பாருங்க. அன்னிக்கு நான் உங்ககிட்ட எதையாச்சும் மறைச்சேனா? நீங்களும் மறைக்காதீங்க."

வாலாஜா பக்கம் ஒரு புரோக்கர் இரண்டு வண்டிகள் வைத்திருந்தார். ஒன்று பச்சை. பழசு இல்லை, பவர் ஸ்டியரிங், ஒரு விரலில் திரும்பும். சிஸ்டருக்குக் கட்டை விரல் மூட்டு இரண்டும் வீங்கியிருக்கும். அந்த சீட்டில் ஏறி உட்கார்ந்தவர் இறங்கவே இல்லை. இன்னொன்று மிலிட்டரி ஏலத்தில் வந்த பழைய வண்டி. கனத்த சட்டம், திருப்பினால் தோள் வலிக்கும். பச்சை வண்டி கல்குவாரியில் ஓடியது என்றார் புரோக்கர். அடியில் படுத்தேன். சேசிஸ் முழுக்கப் புதுக் கறுப்புப் பெயின்ட். தட்டினேன், நல்ல சத்தம்தான் வந்தது. ஆனாலும் மனசு ஒப்பவில்லை. எங்கள் பக்கத்தில் தோல் வண்டியைத் தினமும் சாயங்காலம் பைப் வைத்துக் கழுவுவார்கள். சுத்தமாகிவிட்டது என்று நினைப்பார்கள். அந்தத் தண்ணீர்தான் உப்பைக் கொண்டுபோய் இரண்டு தகடு சேரும் இடுக்கில் வைக்கிறது. வெளியே வழவழவென்று இருக்கும், உள்ளே தின்றுகொண்டே இருக்கும். ஆணியால் இடுக்கைச் சுரண்டினேன். விழுந்த துருவை நாக்கில் வைத்தேன்.

"இன்னா தம்பி, மருந்து சாப்டறீங்களா?" சிஸ்டர் குனிந்து பார்த்தார்.

"உப்பு."

அவரும் ஒரு துளி எடுத்து நாக்கில் வைத்துத் துப்பினார். "ஊறுகா போட்டு வச்சிருக்காங்க."

"கடக்காத்து பட்டிருக்கும் மேஸ்திரி" என்றார் புரோக்கர்.

"வாலாஜாவுல ஏதுய்யா கடல்?" என்றார் சிஸ்டர்.

சிரித்தாரே தவிர, திரும்பவும் போய் அந்த சீட்டில்தான் உட்கார்ந்தார். ஸ்டியரிங் மேல் வீங்கின கையை வைத்துக்கொண்டு, "கழுவிப் பெயின்ட் அடிச்சா?" என்றார். "வேணாம் சிஸ்டர்" என்றேன். மெதுவாக இறங்கினார். மிலிட்டரி வண்டியை ஒரு மணி நேரம் தட்டினேன், சுரண்டினேன், நாக்கில் வைத்தேன். வெறும் இரும்பு ருசி. "நல்லாருக்கா?" என்று கேட்டார். "உப்பு இல்ல" என்றேன். "நல்லாருக்கானு கேட்டேன்." "உப்பு இல்ல சிஸ்டர்." என் முகத்தையே பார்த்தார். தம்பியை நினைத்தாரோ என்னவோ. "சரி, அது போதும்" என்றார்.

வீட்டைக் கட்டினேன். மேடு பள்ளத்தில் சேசிஸ் முறுக்கிக்கொள்ளும். வீடு அதோடு சேர்ந்து முறுக்கினால் கிழியும். அதனால் முன்னால் இரண்டு, பின்னால் அசைகிற மாதிரி ஒன்று, மூன்றே இடத்தில் வீட்டை உட்கார வைத்தேன். பின்னால் பாரம் அதிகம். சட்டத்துக்குள் ஒரு தகடு வைத்து போல்ட் போட்டேன். பட்டறைக்குப் பின்னால் கிடந்த பழைய இரும்புக் குவியலில் வெட்டி எடுத்த தகடு, நல்ல கனம். கிளம்பும் நாளில் சேசிஸில் ஏழு இடங்களில் வெள்ளை நம்பர் எழுதி, ஆணியிலிருந்து சுத்தியலை எடுத்து சிஸ்டர் கையில் கொடுத்தேன். "காலைல எடுக்கறதுக்கு முன்னாடி ஏழு எடத்துல தட்டுங்க. டிங்குனு வந்தா போங்க. டொக்குனு வந்தா நில்லுங்க." சிஸ்டர் சுத்தியலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பல்ஸ் பாக்கற மாதிரி. தெனமும் உங்களுக்கும் அனுப்பறேன்" என்றார்.

சொன்னபடி அனுப்பினார். தினமும் காலையில் போனில் ஏழு சத்தம். பின்னால் காற்று, சில நாள் சாரின் இருமல். ஏழும் கேட்டால்தான் எனக்கு டீ இறங்கும். இரண்டாம் மாதம் ஒரு நாள் காலையில் ஐந்து டிங் வந்தது. ஆறாவது, டொக். ஏழாவது டிங். திரும்பப் போட்டேன், டொக். தம்பியிடம் கொடுத்தேன். அவன் கட்டைக்காலை நீட்டி உட்கார்ந்து கேட்டான். போனைத் திருப்பிக் கொடுத்தான். சிஸ்டரைக் கூப்பிட்டேன், லைன் போகவில்லை. ஆறு என்பது பின்னால் நான் தகடு வைத்த இடம். பட்டறைக்குப் பின்னால் ஓடினேன். வெட்டினது போக மிச்சத் துண்டு குவியலிலேயே கிடந்தது. சுரண்டி நாக்கில் வைத்தேன். உப்பு. எந்தத் தோல் வண்டியைப் பிரித்துப் போட்டதோ. எங்கள் ஊர்க் குவியலில் பாதி அந்த இரும்புதான். ஊரான் வண்டியை நக்கிப் பார்த்து வேண்டாம் என்றவன், என் குவியலை நக்கிப் பார்க்கவில்லை.

இரண்டு நாள் லைன் போகவில்லை. அடுத்து அவர்கள் போகிற வழி பெரிய இறக்கம் என்று சார் முன்பே சொல்லியிருந்தார். எந்த லாரி பிரேக் போட்டாலும் உடம்பு தூக்கிப் போட்டது. தம்பிதான் சொன்னான். "நின்னுருப்பாங்க அண்ணே. அவங்க ஏழும் தட்றாங்க. நீ அன்னிக்கு ஒண்ணுதான் தட்டன." இத்தனை வருஷத்தில் அவன் அதைச் சொன்னது அன்றைக்குத்தான். கோபமாகச் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் மதியம் போன் அடித்தது. "தம்பி, ஆறாவது டொக். நின்னுட்டேன். சத்தத்த அனுப்பினதோட டவர் போச்சு, லிஃப்ட் கேட்டு வந்து பேசறேன். சாருக்கு ஜாலி, கட்டில விட்டு எறங்கல." மறைக்காதீங்க என்று அவர் சொன்னது நினைவு வந்தது. "தப்பு என்னுது சிஸ்டர். அந்தத் தகடு உப்புத் தகடு. நான் பாக்கல." இப்போது திட்டுவார் என்று நினைத்தேன். "நகம் நுழையற அளவுக்குக் கிழிஞ்சிருக்கு. இப்ப இன்னா பண்ணணும், சொல்லுங்க" என்றார். சொன்னேன். ஒரு வெல்டரைப் பிடித்து வண்டி நின்ற இடத்துக்கே கூட்டிப் போனார். பழைய தகட்டைக் கழற்றி, வேறு தகடு போட்டு முடித்ததும், அந்த ஆளையும் கூட்டிக்கொண்டு டவர் இருக்கும் இடம்வரை வண்டியை மெதுவாக ஓட்டி வந்தார். என் பாஷை அந்த ஆளுக்குத் தெரியாது, அவர் பாஷை எனக்குத் தெரியாது. சிஸ்டர் போனைச் சேசிஸ் பக்கம் நீட்ட, அந்த ஆள் என் சுத்தியலால் ஆறாவது இடத்தில் தட்டினார். டிங்.

"இப்ப நல்லாருக்கா தம்பி?" என்றார் சிஸ்டர்.

"தட்டிக்கிட்டே இருங்க" என்றேன்.

இன்னும் திரும்பி வரவில்லை அவர்கள். வேறு மலை, வேறு ரோடு. பட்டறையில் இப்போது குவியல் இல்லை, மொத்தமாகத் தூக்கிப் போட்டுவிட்டேன். ஆணியில் வேறு சுத்தியல் மாட்டவில்லை. காலையில் ஷட்டரைப் பாதி தூக்கி, குனிந்து உள்ளே போய், அந்த ஆணிக்குக் கீழே நின்று போனைக் காதில் வைக்கிறேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. அங்கே மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன். ஆறு. ஏழு. ஏழும் கேட்ட பிறகுதான் ஷட்டரின் மீதிப் பாதியைத் தூக்குகிறேன்.