டிரைவர் என்று சொன்னேன்

யுத்த காலம். கொழும்பில், வெள்ளவத்தைப் பள்ளிக்கூடம் ஒன்றில் நான் ஆசிரியையாகச் சேர்ந்த முதல் நாள். எங்கள் குடும்பத்தில் எழுதப் படிக்கப் பழகிய முதல் ஆள் நான்தான். அந்தத் தலைக்கனமும் எனக்கு இருந்தது. பஸ்ஸில் போகிறேன் என்றாலும் அப்பா விடவில்லை. கொட்டாஞ்சேனையில் அவர் வாடகைக்கு ஓட்டிய கார் அவரைவிட வயது கூடியது. "டீச்சர் காரிலதான் போய் இறங்கவேணும்" என்று முந்தின நாளே அதைக் கழுவித் துடைத்து வைத்திருந்தார்.

காலி வீதியில், சோதனைச் சாவடிக்குச் சற்று முன்னால் கார் நின்றுவிட்டது. அப்பா இறங்கி பொனட்டைத் திறந்தார். எதிரே நின்ற திரீவீலர்காரர்கள் கைதட்டி, பழைய மோட்டார் காரை எல்லோருமாக இறங்கித் தள்ளும் பைலா என்ற துள்ளல் பாட்டொன்றைப் பாடத் தொடங்கினார்கள். கலியாண வீடுகளில் அந்தப் பாட்டுக்கு நானும் ஆடியிருக்கிறேன். ஆனால் பஸ் தரிப்பிடத்தில் நின்ற எங்கள் பள்ளிக்கூடத்துச் சீருடை போட்ட மாணவிகள் சிரித்தபோது உடம்பு கூசியது.

"நான் நடந்து போறன்."

"கொஞ்சம் பொறு பிள்ளை, இப்ப ஸ்டார்ட் வந்திடும்."

நான் பொறுக்கவில்லை.

வாகனக் குண்டுகளுக்குப் பயந்து கிடந்த நகரம் அது. சாவடிக்குப் பக்கத்தில் நின்றுபோன காரை விட்டு ஒரு தமிழ்ப் பெண் விறுவிறுவென்று நடந்தால் என்ன நினைப்பார்கள் என்பது எனக்குத் தோன்றவேயில்லை. துப்பாக்கியை நீட்டி மறித்த சிப்பாய், அந்த ஆள் யார் என்று சிங்களத்தில் கேட்டார். மாணவிகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஹயர் கார் டிரைவர். ஆளைத் தெரியாது" என்றேன்.

நான் சொன்னதைக் கேட்டபடி கைகளை உயர்த்தி நின்ற அப்பாவிடமும் கேட்டார்கள். அவர் என்னை ஒருமுறை பார்த்தார். "டிரைவர்தான் சேர். மிஸ்ஸைத் தெரியாது."

பிறகு அடையாள அட்டைகளை வாங்கினார்கள். எங்கள் வழக்கப்படி என் பெயருக்கு முன்னால் இருப்பது அப்பாவின் பெயர். அதிகாரி இரண்டு அட்டைகளையும் சேர்த்து வைத்துப் பார்த்தார். "தகப்பனும் மகளும் ஏன் பொய் சொல்கிறீர்கள்?"

அழுதழுது உண்மையைச் சொன்னேன். யாரும் நம்பவில்லை. கார் சீட்டுகளைக் கிழித்துத் தேடினார்கள், ஒன்றும் இல்லை. என்னைப் பின்னேரம் விட்டார்கள். அப்பாவை விட ஒன்பது நாளானது.

வீட்டுக்கு வந்தபோது அவருக்கு இடது காது கேட்கவில்லை. நான் காலில் விழப்போனேன். "நீ என்ன பொய்யே சொன்னனி? நான் டிரைவர்தானே" என்றார். ஆளைத் தெரியாது என்று நான் சொன்னதைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை.

வகுப்பில் படிவம் நிரப்பும்போது, தகப்பனின் தொழில் என்ற இடத்தில் பேனாவை நிறுத்திவிடும் பிள்ளைகளை நான் காண்பதுண்டு. அவர்களுக்குப் புத்தி சொல்ல எனக்கு வாய் வருவதில்லை, அடுத்த மேசைக்குப் போய்விடுகிறேன்.