முதல் ஷிப்டு விட்டதும் ஒரு செல்ஃபி

ஒன்பதாம் வகுப்பில் தேறவில்லை. அதற்குப் பிறகு ஒரகடத்தில் லோடு இறக்கினேன், கார் கம்பெனியில் நாலு மாதம் கான்ட்ராக்டில் இருந்தேன், ஸ்ரீபெரும்புதூரில் ஒரு லாட்ஜ் மொட்டை மாடியில் படுத்தேன். மழை வந்தால் படிக்கட்டு. இப்போது விசிட்டிங் கார்டில் ‘மக்கள் தொடர்பு’ என்று போட்டுக்கொள்கிறேன். இந்த வேலை ஆரம்பத்திலேயே கையைவிட்டுப் போகப் பார்த்தது.

ஒன்றியக் கவுன்சிலருக்கு நின்ற ஒருவருக்கு வாட்ஸ்அப் செய்தி எழுதிக்கொண்டிருந்தேன். கம்பெனிகளுக்குச் சாப்பாடு சப்ளை செய்கிறவர். அவருடைய மச்சானுக்கு என்னைக் கண்டாலே ஆகாது.

“ஒம்போதாவது ஃபெயிலு கையில பிரச்சாரத்த குட்துட்டு கீறீங்க மாமா. மானம் போவப்போவுது.”

வேட்பாளர் என்னைப் பார்த்தார். “தம்பி, சனிக்கிழம ஒரு வேல காட்டு. நல்லா வந்துச்சுன்னா, நான் ஜெயிச்சாலும் தோத்தாலும் நீ எங்கூட. இல்லன்னா மச்சானே பாத்துக்கட்டும்.”

நான் யோசித்தது இதுதான். இருங்காட்டுக்கோட்டையில் முதல் ஷிப்டு விட்டு கம்பெனி பஸ்கள் வந்து நிற்கும் இடத்தில் வேட்பாளரை நிறுத்துவது. இறங்குகிறவர்கள் அவரோடு செல்ஃபி எடுத்து ஸ்டேட்டஸ் வைப்பார்கள். அவர்கள் கையில் ஆளுக்கொரு டம்ளர் மோர் கொடுப்போம்.

பஸ்கள் வந்தன. கூட்டம் கொட்டியது. நூறு போன்கள் மேலே எழும்பின. பெரும்பாலானவை கிளிக் ஆகவில்லை.

“அண்ணே, கருப்பா தெரியுது!”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. உள்ளே படம் எடுக்கக் கூடாதென்று கேட்டில் செக்யூரிட்டி போன் கேமராக்கள் மேல் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். நாளைக்கும் ஒட்டத்தானே போகிறார்கள் என்று முக்கால்வாசிப் பேர் பிய்ப்பதே இல்லை. நாலு மாதம் நானும் அப்படித்தான் திரிந்தேன். மறந்து தொலைத்தேன்.

“பிய்ங்க, பிய்ங்க!” என்று மைக்கில் கத்தினேன்.

பிய்த்தார்கள். பிய்த்ததை எங்கே வைப்பது? ஒரு கையில் போன், ஒரு கையில் மோர். தென்காசிப் பக்கத்துப் பெண் ஒருத்தி, “அண்ணாச்சி, கொஞ்சம் வச்சுக்கிடுங்க” என்று வேட்பாளரின் சட்டைப் பையில் ஒட்டினாள். அவ்வளவுதான். அடுத்தவன் தோளில், அதற்கடுத்தவள் காலரில். பத்து நிமிடத்தில் வெள்ளைச் சட்டைக்கு அம்மை போட்டிருந்தது. கன்னத்திலும் ஒன்று. மச்சான் ஓடிவந்து அதைப் பிய்த்தான். அது அவன் விரலில் ஒட்டிக்கொண்டது. உதறினான், போகவில்லை. கூட்டம் விசிலடித்தது.

வேட்பாளர் குனிந்து சட்டையைப் பார்த்தார்.

“இன்னா தம்பி இது?”

“கேமரா ஸ்டிக்கருண்ணே. ஒவ்வொண்ணும் ஒரு செல்ஃபி.”

அவர் திரும்பி முதுகைக் காட்டினார். “பின்னால எடம் கீதா பாரு.” மைக்கைப் பிடுங்கிக்கொண்டார். “யாருப்பா இன்னும் ஒட்டல? வாங்க வாங்க!”

ஒட்டுவதற்கு வரிசை கட்டி நின்றார்கள். எனக்குச் சிரித்துச் சிரித்து விலா பிடித்துக்கொண்டது. சாயங்காலம் பிள்ளைப்பாக்கத்துக்கும் ஓட்டுக் கேட்க அதே சட்டையில்தான் போனார். வாசலுக்கு வாசல் ஜனங்கள் என்னவென்று கேட்க, மச்சானே விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று.

தேர்தலில் தோற்றுவிட்டார். ஸ்டிக்கர் ஒட்டியவர்களில் பாதிப் பேருக்கு ஓட்டு தென்காசியிலும் திருநெல்வேலியிலும் இருந்தது. அதையும் நான் யோசிக்கவில்லை.

ரிசல்ட்டுக்கு மறுநாள் பையில் துணியை அடைத்துக்கொண்டிருந்தேன். அவரிடமிருந்து போன் வந்தது.

“எங்க கீற? ஓட்டுப் போட்டவங்களுக்கு நன்றி சொல்லிப் போஸ்டர் அடிக்கணும். ரெண்டு வரி எழுதினு வா. தோத்தவன் எழுதுனா மாதிரி இருக்கக் கூடாது.”