யோர்க்கிலே முகத்துவாரம் இல்லை

சீமையில், யோர்க் நகரத்தில் ஆற்றங்கரைச் சுவர் ஒன்றில் கோடுகள் கீறி, பக்கத்தில் வருசங்களை எழுதியிருந்தார்கள். எந்த வருசம் வெள்ளம் எவ்வளவு ஏறியது என்ற அடையாளம். மச்சான் முதன்முதல் அதைக் காட்டியபோது நான் சுவரோடு ஒட்டி நின்று பார்த்தேன். இரண்டு கோடுகள் என் தலைக்கு மேலே இருந்தன. அதற்குப் பிறகு எனக்கு ஒழுங்கான நித்திரை இல்லை.

மச்சான் என்று நான் கூப்பிடுவது என் கணவரை. மட்டக்களப்புப் பக்கத்து நற்பிட்டிமுனையில் வயற்காரக் குடும்பம். கப்பலில் குசினி வேலை பார்த்து, அப்படியே யோர்க்கில் ஹோட்டல் ஒன்றில் சமையலுக்குச் சேர்ந்தவர். எண்பதுகளின் தொடக்கத்தில் என்னையும் கூப்பிட்டெடுத்தார். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கு அங்கே எதைக் கண்டாலும் பயம். பழைய சந்துகளில் மேல்மாடிகள் ஒன்றையொன்று முட்டப்போவதுபோல் சாய்ந்து நிற்கும். விழுந்துவிடுமோ என்று நடுவால் நடப்பேன். ஊரைச் சுற்றிய கோட்டை மதிலின்மேல் சனங்கள் பிள்ளைகளோடு உலாத்துவார்கள். கீழே நிற்கும் எனக்குக் கால் கூசும். சொக்லட் ஆலையிலிருந்து காற்றில் வரும் வாசம் ஒன்றுதான் பிடித்திருந்தது. தலைப்பிள்ளை வயிற்றில் வந்ததும் அதுவும் குமட்டியது.

அந்தக் குளிர்கால மழையில் ஆறு ஏறியது. எங்கள் அறை ஆற்றோரத் தெருவில், நிலத்தோடு. எழுபத்தெட்டாம் வருசச் சூறாவளியில் வீட்டுக் கூரை பறந்ததைக் கண்டவள் நான். "ஊருக்குப் போவம் மச்சான், உம்மாட்டப் போய்ப் பெத்துக்கிறன்" என்று அழுதேன். அவர் வெண்கட்டியால் வாசற்படியில் ஒரு கோடு கீறினார்.

"தண்ணி இதத் தாண்டினா டிக்கெட் எடுக்கிறன் புள்ள. தாண்டாட்டி அழாம இரிக்கணும்."

வெளியே சனங்கள் மண்மூட்டைகளை அடுக்கிவிட்டு, கம்பளங்களைச் சுருட்டி மாடிக்கு ஏற்றிவிட்டு, தேத்தண்ணீர் குடித்துக்கொண்டு நின்றார்கள். மச்சானுக்கு அது விளங்கவேயில்லை. எங்கள் பக்கம் வயல் மூழ்கினால் ஆம்பிளைகள் மண்வெட்டியோடு போய், கடல் வாயை அடைத்திருக்கும் மணலை வெட்டி வெள்ளத்தை வெளியே விடுவார்கள். முகத்துவாரம் வெட்டுவது என்போம். "இவனுகளுக்கு ஒரு ரோசமும் இல்லியா, ஆரும் வெட்டப் போறானில்லியே!" என்று காற்சட்டையை மடித்துக்கொண்டு இறங்கினார். பக்கத்து வீட்டுத் தபால்காரரிடம் மண்வெட்டியை இரவல் கேட்டு, எந்த இடத்தில் வெட்டுவது என்றும் கேட்டிருக்கிறார். தபால்காரர் சிரிக்காமல் கடல் இருக்கும் திசையைக் காட்டினாராம். எங்கள் ஊரிலிருந்து மட்டக்களப்பையும் தாண்டிப் போகிற அளவு தூரத்தில் கடல். "தொடங்குங்க, உங்கட பேரப்பிள்ளைகள் முடிப்பாங்க" என்றாராம்.

மச்சான் வந்து அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. உள்ளே பிள்ளை உதைத்தது. பிறகு அந்த மண்வெட்டியால் மச்சானும் தபால்காரரும் மண்மூட்டை நிரப்பி எல்லா வாசலிலும் வைத்தார்கள்.

மறுநாள் காலையில் தண்ணீர் கோட்டுக்கு ஒரு விரல் கீழே நின்றது. கதவடியில் இருந்து யாசீன் ஓதி, கையேந்தித் துஆக் கேட்டேன். கேட்டு முடித்த பிறகுதான் எனக்கே உறைத்தது: தாண்டவேண்டும் என்றல்ல, தாண்டக்கூடாது என்று கேட்டிருக்கிறேன். பின்னேரம் தண்ணீர் இறங்கியது. மூத்தவள் அந்த ஊரிலேதான் பிறந்தாள்.

ஊர் திரும்பி நெடுநாளாகிறது. இப்போதும் மாரி. "பாத்திட்டு மட்டும் வாறன்" என்று மச்சான் முகத்துவாரம் வெட்டுகிறவர்களோடு போயிருக்கிறார். பார்க்கப் போகிறவருக்கு மண்வெட்டி எதற்கு என்று நான் கேட்கவில்லை. முற்றத்தில் தண்ணீர் ஏறுகிறது. பேத்தியின் வெண்கட்டியை எடுத்து வாசற்படியில் ஒரு கோடு கீறினேன். தண்ணீர் அதற்குக் கீழேதான் நிற்கிறது. தேத்தண்ணீருக்கு அடுப்பை மூட்டப்போகிறேன்.